லண்டன் - பாரிஸ்: விமானத்தில் 1 மணி 15 நிமிடமாம்... அது யாரோட கணக்கு?

"தம்பி, நீங்க எழுதினதுல ஒரு நம்பர்கூட தப்பில்ல. ஆனா என் தம்பி பொண்ணு கழுத்துல தாலி ஏறினப்போ, நான் பாரிஸ் ஏர்போர்ட்ல பாஸ்போர்ட் வரிசைல நின்னுட்டு இருந்தேன்."

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்குக்கு வந்த ஒரு மெயில் இப்படித்தான் தொடங்கியது. எழுதியவர் காரைக்காலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். மகன் லண்டனில் இருக்கிறார். தம்பி குடும்பம் பல வருஷத்துக்கு முன்பே பிரான்ஸில் குடியேறிவிட்டது. காரைக்கால், புதுச்சேரிப் பக்கம் இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. மகனைப் பார்க்க லண்டன் போனவர், அங்கிருந்து தம்பி மகள் கல்யாணத்துக்காக பாரிஸ் போயிருக்கிறார்.

புறப்படும் முன் அவர் கூகுளில் தேடிப் படித்தது நான் எழுதிய ஒரு எக்ஸ்ப்ளெய்னர். 'லண்டன் - பாரிஸ் தூரம் எவ்வளவு, விமானத்தில் எத்தனை மணி நேரம்?' என்ற தலைப்பு. தூரம் சுமார் 345 கி.மீ., பயண நேரம் 1 மணி 15 நிமிடம். இதை 300 வார்த்தைக்கு இழுத்து எழுதியிருந்தேன். இந்த மாதிரித் தேடல்கள் தினமும் வரும். நாங்களும் எழுதித் தள்ளுவோம்.

அவர் போட்ட கணக்கு இது. காலை 7.30 மணி விமானம். 1.15 மணி நேரம் கூட்டினால் 8.45. அங்கிருந்து மண்டபத்துக்கு ஒரு மணி நேரம். 10 மணிக்குள் போய்விடலாம். முகூர்த்தம் 10.30 முதல் 11.30 வரை.

நடந்தது இது. விமானம் 20 நிமிடம் தாமதம். பாரிஸில் கதவு திறந்தபோது அங்கே மணி 10.10. பாஸ்போர்ட் வரிசை முடிந்து வெளியே வரும்போது 11.05. மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது 12.05. தாலி கட்டியது 10.50-க்கு.

20 நிமிடத் தாமதத்தையெல்லாம் யாரும் பெரிய தாமதமாகச் சொல்ல மாட்டார்கள். அந்த 20 நிமிடம் இல்லாவிட்டாலும் அவர் தாலி கட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அப்படியானால் தப்பு எங்கே? நான் எழுதிய 1 மணி 15 நிமிடத்தில்தான். அது பொய்யான எண் இல்லை. ஆனால் பயணிக்குத் தேவையான எண்ணும் இல்லை.

முதலில், தூரம் எவ்வளவு?

இதற்கே ஒரு பதில் கிடையாது. லண்டன் மையத்திலிருந்து பாரிஸ் மையத்துக்கு நேர்கோட்டில் அளந்தால் சுமார் 345 கி.மீ. சாலை வழியாக, கடலடிச் சுரங்கத்தையும் சேர்த்துப் போனால் 450 கி.மீட்டருக்கு மேல். ரயில் பாதையில் 492 கி.மீ.

நேர்கோட்டுத் தூரம் ஒரு பறவைக்குப் பொருந்தும். விமானத்துக்குக்கூட முழுசாகப் பொருந்தாது. ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் கிளம்பி, வகுத்துவைத்த வான்வழியில் திரும்பி, இறங்கும் நிலையத்தின் வரிசையில் சேர்ந்து, சுற்றி வந்துதான் இறங்க வேண்டும்.

தூரம் சொல்லும் பல இணையதளங்கள் எப்படி வேலை செய்கின்றன தெரியுமா? இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து நேர்கோட்டுத் தூரம் கண்டுபிடிக்கும். அதை ஒரு சராசரி வேகத்தால் வகுக்கும். 345 கி.மீட்டரை 800 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 26 நிமிடம் வரும். கூடவே டேக்-ஆஃப், லேண்டிங்குக்கு என்று ஒரு அரை மணி நேரத்தைச் சேர்த்துவிடும். அந்தப் பக்கத்தை எழுதியது மனிதரே இல்லை என்பதுகூட நமக்குத் தெரியாது.

26 நிமிடம் எப்படி 1 மணி 15 நிமிடம் ஆகிறது?

விமான டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வானத்தில் பறக்கும் நேரம் இல்லை. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்குவது முதல், அடுத்த ஊரில் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்பது வரை உள்ள நேரம் அது. விமானத் துறையில் இதை 'பிளாக் டைம்' என்பார்கள்.

லண்டன் ஹீத்ரோ - பாரிஸ் சார்ல் து கோல் வழித்தடத்தில் இது பொதுவாக 1 மணி 15 நிமிடத்திலிருந்து 1 மணி 25 நிமிடம் வரை. இதில் தரையில் ஊர்ந்து போகும் நேரமே கணிசம். ஹீத்ரோவில் ஓடுபாதைகள் 2. அவற்றை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு 4,80,000 விமானப் போக்குவரத்து வரை கையாளலாம் என்பது அங்கே உள்ள உச்சவரம்பு. அதனால் கிளம்புவதற்கும் வரிசை, இறங்குவதற்கும் வரிசை. இறங்க இடம் கிடைக்காத விமானங்கள் வானத்திலேயே வட்டமடித்துக் காத்திருக்க லண்டனைச் சுற்றி பாவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிக்கின் என 4 இடங்களே ஒதுக்கியிருக்கிறார்கள். சார்ல் து கோலில் ஓடுபாதைகள் 4. ஆனால் நிலையம் பெரியது. இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு குறைந்த தூரத்தில் விமானம் ஏறி முடித்ததுமே இறங்க ஆரம்பித்துவிடும். 800 கி.மீ. வேகத்தில் நிதானமாகப் பறக்க அதற்கு இடமே இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. விமான நிறுவனங்கள் அட்டவணை போடும்போதே கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்துக்கொள்வார்கள். அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அது 'சரியான நேரம்' என்பதுதான் துறையின் பொதுவான அளவுகோல். ஆக, 1 மணி 15 நிமிடம் என்பது விமானத்தை இயக்குபவரின் எண். விமானம் எத்தனை மணிக்குத் திரும்பும், அடுத்த டிரிப்புக்கு எப்போது அனுப்பலாம், ஊழியர்களின் வேலை நேரம் எவ்வளவு என்பதையெல்லாம் கணக்கிட அது அவர்களுக்கு வேண்டும். நாம் அதை நம்முடைய பயண நேரம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

அந்த ஒரு மணி நேரம் எங்கே போச்சு?

காரைக்கால் ஆசிரியர் முதலில் சறுக்கியது இங்கேதான். நான் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

லண்டனைவிட பாரிஸ் கடிகாரம் 1 மணி நேரம் முன்னால் ஓடும். இரண்டு ஊர்களிலும் மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு ஆகிய நாட்களில் ஒரே நேரத்தில் கடிகாரத்தை மாற்றுவார்கள் என்பதால் இந்த வித்தியாசம் வருஷம் முழுக்க மாறாது. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். லண்டனில் 7.30-க்குக் கிளம்பி பாரிஸில் 9.50-க்கு இறங்கும் என்று இருந்தால், பார்க்க 2 மணி 20 நிமிடம் போலத் தெரியும். உண்மையில் 1 மணி 20 நிமிடம்தான். திரும்பி வரும்போது தலைகீழ். பாரிஸில் 10 மணிக்குக் கிளம்பினால் லண்டனில் 10.20-க்கு இறங்கும் என்று இருக்கும். 20 நிமிடத்தில் வந்துவிட்டோமா என்று தோன்றும்.

ஆசிரியர் 7.30-உடன் 1.15-ஐக் கூட்டி 8.45 என்று வைத்துக்கொண்டார். அது லண்டன் நேரம். முகூர்த்தமோ பாரிஸ் நேரத்தில் குறித்தது. டிக்கெட்டை மகன் எடுத்துக் கொடுத்ததால், இறங்கும் நேரத்தை அவர் உற்றுப் பார்க்கவில்லை. இந்த ஒரு மணி நேரத்தைச் சொல்லாத எக்ஸ்ப்ளெய்னர் எதை எக்ஸ்ப்ளெய்ன் செய்தது என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

கதவு திறந்தால்தான் வந்து சேர்ந்ததாக அர்த்தம்

ஒரு விமானம் 'வந்து சேர்ந்தது' என்று எப்போது சொல்லலாம்? சக்கரம் தரையைத் தொடும்போதா? நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும்போதா? ஐரோப்பிய நீதிமன்றம் வரை போன கேள்வி இது.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து ஜெர்மனியின் கொலோன்/பான் நிலையத்துக்குப் போன ஒரு விமானம். தரையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிறுத்துமிடத்துக்கு வந்து நின்றபோது தாமதம் 3 மணி 3 நிமிடம். அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி தாமதம் 3 மணி நேரத்தைத் தொட்டால் இழப்பீடு கேட்கலாம். 1,500 கி.மீ. வரையிலான பயணத்துக்கு அது 250 யூரோ. சக்கரம் தரையைத் தொட்டபோதே வந்துவிட்டோம் என்று விமான நிறுவனம் வாதிட்டது. அதாவது 250 யூரோவா, பூஜ்யமா என்பதை ஒரு சில நிமிடங்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

2014 செப்டம்பர் 4 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஒரு கதவாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்ற நிலை வரும்போதுதான் விமானம் வந்து சேர்ந்ததாக அர்த்தம். காரணம் எளிமையானது. விமானத்துக்குள் இருக்கும் வரை பயணி அடைபட்டிருக்கிறார். தன் சொந்த வேலையையோ தொழிலையோ குடும்பத்தையோ வழக்கம்போல் கவனிக்க அவரால் முடியாது. அந்தத் தடை நீங்கும் நேரம்தான் வந்து சேர்ந்த நேரம்.

எனக்கு இந்தத் தீர்ப்பில் பிடித்ததே அந்தக் காரணம்தான். நேரத்தை விமானத்தின் பக்கத்திலிருந்து அளக்காமல், மனிதரின் பக்கத்திலிருந்து அளந்தது நீதிமன்றம். சட்டப்படி கதவோடு அது நின்றுவிடுகிறது, சரி. ஆனால் அதே நியாயத்தை நாம் இன்னும் கொஞ்சம் நீட்டினால் என்ன? பாஸ்போர்ட் வரிசையில் நிற்பவரும் தன் வேலையைப் பார்க்க முடியாதவர்தானே. பெட்டி வருகிறதா என்று பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நிற்பவரும் அப்படித்தான்.

வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால்...

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழர்கள் அதிகம் வாழும் கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் இருந்து கிளம்புகிறோம். போக வேண்டியது பாரிஸின் லா ஷப்பேல். ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் பகுதி. சாதாரண நாள், பெரிய தாமதம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நிமிடங்கள் தோராயமானவை.

விமானத்தில் போனால்:

- ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹீத்ரோவுக்கு: 1 மணி 20 நிமிடம்
- விமான நிலையத்தில் முன்கூட்டியே இருக்க வேண்டிய நேரம்: 2 மணி
- டிக்கெட்டில் உள்ள விமான நேரம்: 1 மணி 20 நிமிடம்
- இறங்கி நடந்து, பாஸ்போர்ட், பெட்டி முடிக்க: 45 நிமிடம்
- சார்ல் து கோலிலிருந்து ஆர்.இ.ஆர். 'பி' ரயிலில் கார் து நோர் நிலையத்துக்கு, காத்திருப்பையும் சேர்த்து: 50 நிமிடம்
- அங்கிருந்து நடை: 10 நிமிடம்

மொத்தம் 6 மணி 25 நிமிடம்.

யூரோஸ்டார் ரயிலில் போனால்:

- ஈஸ்ட் ஹாமிலிருந்து செயின்ட் பாங்கிரஸ் நிலையத்துக்கு: 40 நிமிடம்
- நிலையத்தில் செக்-இன், பாதுகாப்புச் சோதனை, பாஸ்போர்ட்: 1 மணி 15 நிமிடம்
- ரயில் நேரம்: 2 மணி 20 நிமிடம்
- கார் து நோரில் இறங்கி லா ஷப்பேலுக்கு நடை: 15 நிமிடம்

மொத்தம் 4 மணி 30 நிமிடம்.

1 மணி 20 நிமிடம் என்று சொல்லப்படுவது, 2 மணி 20 நிமிடம் என்று சொல்லப்படுவதைவிடக் கிட்டத்தட்ட 2 மணி நேரம் பின்தங்கிப் போய்ச் சேருகிறது!

விமானப் பயணத்தில், மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் விமானத்துக்கே போகிறது. மீதி எல்லாம் மெட்ரோ, வரிசை, காத்திருப்பு, நடை. ஏதோ மந்திரம் போட்டு விமான நேரத்தைப் பாதியாகக் குறைத்தாலும் நமக்கு மிச்சமாவது 40 நிமிடம்தான். ரயிலில் மொத்த நேரத்தில் பாதி ரயிலிலேயே போகிறது. உட்கார்ந்து சாப்பிடலாம், தூங்கலாம், வேலை பார்க்கலாம்.

ரயிலுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பிரெஞ்சு எல்லை அதிகாரிகள் லண்டன் செயின்ட் பாங்கிரஸிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கேயே பாஸ்போர்ட் பார்த்துவிடுவதால், பாரிஸில் இறங்கியதும் நேராக வெளியே நடக்கலாம். திரும்பி வரும்போதும் அப்படியே. பிரிட்டிஷ் அதிகாரிகள் பாரிஸ் நிலையத்திலேயே இருப்பார்கள்.

100 வருஷத்தில் எவ்வளவு வேகமானோம்?

1919 ஆகஸ்ட் 25. இன்றைய ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் இருந்த ஹவுன்ஸ்லோ ஹீத் மைதானத்திலிருந்து பாரிஸின் லெ பூர்ஜே நிலையத்துக்கு ஒரு சின்ன விமானம் கிளம்பியது. உலகின் முதல் தினசரி சர்வதேச விமான சேவை அது. உள்ளே ஒரே ஒரு பயணி. கூடவே செய்தித்தாள்கள், தோல், கொஞ்சம் தின்பண்டம். போய்ச் சேர எடுத்த நேரம் சுமார் இரண்டரை மணி நேரம்.

அந்த விமானத்தின் நேரமும் இன்றைய ரயிலின் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் 50 கி.மீ. நீளச் சுரங்கம் 1994 மே மாதம் திறக்கப்பட்டது. அதில் சுமார் 38 கி.மீ. கடலுக்கு அடியில். அதே வருஷம் நவம்பர் 14-ல் யூரோஸ்டார் பயணிகள் சேவை தொடங்கியது. அப்போது பயண நேரம் சுமார் 3 மணி. பிரான்ஸில் 300 கி.மீ. வேகத்தில் ஓடிய அதே ரயில், சுரங்கத்தைத் தாண்டி இங்கிலாந்துக்குள் வந்ததும் பழைய புறநகர்ப் பாதையில் சாதாரண ரயில்களோடு மெதுவாக ஊர்ந்து லண்டன் வாட்டர்லூவுக்கு வரும். பிரிட்டன் தன் பக்கம் அதிவேகப் பாதையை 2003-ல் பாதியும், 2007 நவம்பர் 14-ல் மீதியும் திறந்தது. ரயில் செயின்ட் பாங்கிரஸுக்கு மாறியது. நேரம் 2 மணி 15 நிமிடம் அளவுக்கு வந்தது.

அதாவது, இங்கிலாந்துப் பக்கம் சுமார் 108 கி.மீ. பாதை புதிதாகப் போட்டதில் ஏறக்குறைய 40 நிமிடத்துக்கு மேல் மிச்சமானது. பயணிக்கு உண்மையில் கிடைத்த நேரம் இது. அதே காலத்தில் விமானத்தில் போகிறவருக்குப் பாதுகாப்புச் சோதனை, வரிசை என்று கூடிக்கொண்டேதான் போனது.

அப்போ ஏன் இன்னும் விமானத்தில் போகிறார்கள்?

நியாயமான கேள்வி. ரயில்தான் எப்போதும் சரி என்று நான் சொல்லப்போவதில்லை.

ஒருவர் ஹவுன்ஸ்லோவில் வசிக்கிறார், போக வேண்டியது சார்ல் து கோல் பக்கத்தில் என்றால் விமானமே மேல். சென்னையிலிருந்து லண்டன் வந்து, அப்படியே வேறு விமானம் மாறி பாரிஸ் போகிறவருக்கு, பெட்டியோடு நகருக்குள் வந்து ரயில் பிடிப்பது அலைச்சல். விமானங்கள் தொடர்ந்து பறக்க இந்த இணைப்புப் பயணிகள் ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது காசு. கடைசி நேரத்தில் எடுத்தால் யூரோஸ்டார் டிக்கெட் விலை கண்ணைக் கட்டும். நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம். இந்தப் பாதையில் அதிவேகப் பயணிகள் ரயில் ஓட்டுவது இத்தனை வருஷமாக ஒரே நிறுவனம்தான் என்பது ஒரு காரணம். சுரங்கத்துக்கும் பிரிட்டன் பக்கப் பாதைக்கும் கட்ட வேண்டிய கட்டணம் அதிகம் என்பது இன்னொன்று. விமானத்துக்கோ, சர்வதேசப் பயணத்துக்கான எரிபொருளுக்கு வரி போடுவதில்லை என்ற நடைமுறை 1944 சிகாகோ உடன்படிக்கையில் வேர்விட்டு, நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தங்கள் வழியாகத் தொடர்கிறது. பிரிட்டனில் கிளம்பும் பயணிகளிடம் 1994 முதல் தனியாக ஒரு விமானப் பயணி வரி வாங்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் இரண்டும் ஒரே மைதானத்தில் ஓடவில்லை.

ரயிலிலும் வரிசை நீள்கிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கும் முத்திரை குத்த வேண்டியதாயிற்று. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் கைரேகை, முகப் படம் பதிவுசெய்யும் புதிய முறை படிப்படியாக வந்திருக்கிறது. விமானமோ ரயிலோ, முதல் தடவை பதிவுசெய்பவர் கூடுதல் நேரம் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த விஷயத்தில் பிரான்ஸ் உள்நாட்டுக்குள் ஒரு முடிவு எடுத்துப் பார்த்தது. 2021 சட்டமும் 2023 மே மாத அரசாணையும் சேர்ந்து, இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய உள்நாட்டு வழித்தடங்களில் விமானம் கூடாது என்றன. நடைமுறையில் நின்றது பாரிஸ் ஓர்லியிலிருந்து போர்தோ, லியோன், நாந்த் ஆகிய 3 ஊர்களுக்கான சேவை மட்டும். இணைப்புப் பயணிகளுக்கு விலக்கு உண்டு. இது ரொம்பச் சின்னத் தடை என்று விமர்சித்தவர்கள் நிறைய. எனக்கு அதில் பிடித்தது ஒரு நிபந்தனை. வெறும் ரயில் வேகத்தை மட்டும் பார்க்கவில்லை. காலையில் போய் மாலையில் திரும்பினால் அந்த ஊரில் 8 மணி நேரம் இருக்க முடிகிறதா என்றும் பார்த்தார்கள். நமக்கு வேண்டியதும் அந்தக் கணக்குதான். போன இடத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம்?

இந்திய பாஸ்போர்ட் என்றால் இன்னொரு கணக்கு

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். பிரிட்டன் விசா பிரான்ஸில் செல்லாது. பிரான்ஸ் போக ஷெங்கன் விசா தனியாக வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஷெங்கன் விசாவில் 'எத்தனை முறை நுழையலாம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 1 என்று இருந்தால், பாரிஸிலிருந்து லண்டனுக்கு ஒரே ஒரு நாள் போனாலும் அந்த விசா முடிந்தது. நாள் மீதம் இருந்தாலும் பயனில்லை. சென்னை - பாரிஸ், நடுவில் லண்டன், மறுபடி பாரிஸ் வந்து ஊருக்கு விமானம் என்று திட்டம் போடுபவர்கள், இரண்டு முறையாவது நுழைய அனுமதிக்கும் விசா கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். 345 கி.மீ., 1 மணி 15 நிமிடம் என்று நான் எழுதிய கட்டுரையில் இதுவும் இல்லை. தூரத்தைவிட இதுதான் ஒரு குடும்பத்தின் பயணத்தையே கவிழ்க்கக்கூடியது.

என்ன செய்யலாம்?

டிக்கெட் விற்கும் தளங்கள் விமான நேரத்தைப் பெரிய எழுத்தில் போடும்போது, பக்கத்திலேயே 'நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு' ஆகும் நேரத்தையும் போடலாம். விமான நிலையம் ஊரிலிருந்து எத்தனை கி.மீ. என்று சொல்லலாம். பாரிஸ் பெயரைச் சேர்த்துச் சொல்லும் பொவே விமான நிலையம் பாரிஸிலிருந்து 80 கி.மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. மலிவாக டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் இருப்பவருக்கு அது இறங்கிய பிறகுதான் தெரிகிறது. மேப் செயலிகள் வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போட்டுக் காட்டும் இந்தக் காலத்தில், டிக்கெட் தளத்தால் முடியாது என்று சொன்னால் நம்ப முடியாது. வேகமாகத் தெரிவதுதான் விற்கும் என்பதுதான் விஷயம்.

எங்கள் மேலும் தப்பு இருக்கிறது. தேடுபவர் ஒரு எண் கேட்கிறார், நாங்கள் ஒரு எண் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அவர் ஏன் கேட்கிறார் என்று யோசிப்பதில்லை. 'எத்தனை மணி நேரம்?' என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டியது, எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் எத்தனை மணிக்கு அங்கே இருக்கலாம் என்பதுதான்.

அதனால் இனிமேல் இந்த மாதிரிக் கட்டுரையில் குறைந்தது நான்கு விஷயங்கள் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். டிக்கெட்டில் உள்ள நேரம். வாசலிலிருந்து வாசலுக்கு ஆகும் நேரம். இரண்டு ஊர்களின் கடிகார வித்தியாசம். எல்லையில் என்ன கேட்பார்கள் என்பது. பழைய கட்டுரையையும் அப்படியே திருத்திவிட்டேன். மேலே, 'முகூர்த்தத்துக்குப் போகிறவர்கள் முதல் நாளே போய்விடுங்கள்' என்று ஒரு வரி சேர்த்தேன். எடிட்டர் அதை எடுக்கவில்லை.

திருத்திய லிங்க்கை ஆசிரியருக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது.

"படிச்சேன் தம்பி. அடுத்த வருஷம் தம்பி பையனுக்குக் கல்யாணம். ரயில் டிக்கெட் போடச் சொல்லியிருக்கேன். அதுவும் ரெண்டு நாள் முன்னாடி."